நோய்ச்சொல்லும் நோயறிவும்

1975-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஹாம்ப்டன் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவர்களும் எளிய ஆய்வொன்றை நிகழ்த்தினர். புறநோயாளர் பிரிவுக்குப் புதிதாக வந்த 80 பேரை எடுத்துக்கொண்டனர். ஒவ்வொருவருடைய நோயும் எந்தப் படிநிலையில் தெளிவாயிற்று என்று பதிந்து வந்தனர். நோயாளியின் வாய்மொழியைக் கேட்டு முடித்த அளவிலேயே 66 பேரின் நோய் சரியாகக் கணிக்கப்பட்டிருந்தது. உடலைத் தொட்டும் தட்டியும் பார்த்தது 7 பேருக்கு மட்டுமே முடிவை மாற்ற உதவிற்று. ஆய்வுக்கூடச் சோதனைகள் மேலும் 7 பேருக்குத் துணைநின்றன.

அதன் பின்னர் மருத்துவக் கருவிகள் பெருகிவிட்டன. உடலின் உள்ளுறுப்புகளைக் குறுக்குவெட்டாகக் காட்டும் படப்பொறிகள் மாவட்ட மருத்துவமனைகளுக்கும் வந்துவிட்டன. ஆயினும் எந்த உறுப்பைப் படமெடுப்பது, எந்தக் குருதிச் சோதனையைச் செய்வது என்று முடிவு செய்யும் பொழுது மருத்துவர் நோயாளியின் சொல்லையே பற்றுக்கோடாகக் கொள்கிறார். சொல் பிழைத்தால் கருவி தவறான இடத்தைத் தேடும். ஆகவே நோயைக் குறிக்கும் சொற்களையும், நோயை அறியும் செயலைக் குறிக்கும் சொற்களையும், மருத்துவப் பேணுகையைக் குறிக்கும் சொற்களையும் மருத்துவக் கருவிகளுள் வைத்தே எண்ணவேண்டும். கருவிகளைத் துலக்கி வைப்பது போல இச்சொற்களையும் துலக்கி வைத்தல் நம் கடமை.

நோவின் சொல்வளம்

தமிழில் வலி என்பது பொதுச்சொல். அதன்கீழ் அடங்கும் சிறப்புச்சொற்கள் மிகப் பல: குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல், காந்தல், பிடிப்பு, சுளுக்கு, சுருக்கென்று தைத்தல், சுண்டியிழுத்தல், விண்விண்ணென்று தெறித்தல், மதமதப்பு, பொருமல். இவை ஒரு பொருள்குறித்த பல சொற்கள் என்று அகராதி தொகுப்பவர் கருதக்கூடும். மருத்துவர்க்கு இவை வெவ்வேறு செய்திகள்.

முறுக்கிப் பிழிந்து, சற்றே விட்டு, மீண்டும் முறுக்கும் வலி, உள்ளீடற்ற குழாய்களில் பிறப்பது. குடலிலோ சிறுநீர்க்குழாயிலோ பித்தநாளத்திலோ அடைப்பு நேரும்பொழுது அக்குழாயின் தசை அடைப்பைத் தள்ள முயன்று சுருங்குகிறது. சுருங்கும்போது வலி எழுகிறது, தளரும்போது தணிகிறது. மூச்சை இழுக்கும்தோறும் விலாவில் சுருக்கென்று தைத்தால் நுரையீரலைப் போர்த்தியிருக்கும் உறை அழற்சியுற்றிருக்கலாம். உள்ளங்காலில் காந்தலும் மதமதப்பும் சேர்ந்து வந்தால், நெடுநாள் நீரிழிவால் நரம்புகள் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். விண்விண்ணென்று தெறிக்கும் வலி நாடித்துடிப்போடு ஒத்து எழுவது. சீழ்க்கட்டியிலும் ஒற்றைத் தலைவலியிலும் அதைக் கேட்கிறோம். நீர்க்கடுப்பு என்றால் சிறுநீர் கழியும் வழியில் அழற்சி. வயிற்றுக்கடுப்பு என்றால் பெருங்குடலின் கடைப்பகுதியில் அழற்சி. ‘கடுப்பு’ என்னும் ஒரு சொல்லுக்குள், கழித்த பின்னும் கழியவேண்டும்போல் தோன்றும் துன்ப உணர்வு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இவ்வகைச் சொல்வளத்தை அறிவியல் முறைப்படி அளக்க முன்வந்தவர் கனடா நாட்டு மெக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக். ஆங்கிலத்தில் வலியைக் குறித்து வழங்கும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 குழுக்களாகப் பகுத்து, 1975-இல் ஒரு வினாநிரலை வெளியிட்டார். நோயாளி எச்சொற்களைத் தேர்கிறார் என்பதைக் கொண்டே வலியின் இயல்பையும் கடுமையையும் கணிக்க இயலும் என்று அது காட்டியது. உலகெங்கும் வலி மருத்துவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகின்றனர்.

ஒரு சொல் தவறாகப் பொருந்தினால் விளையும் கேட்டுக்கு மாரடைப்பே தக்க சான்று. இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளம் அடைபட்டவரிற் பலர் ‘வலி’ என்று சொல்வதில்லை. நெஞ்சில் பாரம் என்பர், இறுக்கம் என்பர், யாரோ ஏறி அமுக்குவதுபோல் இருக்கிறது என்பர். முதியோர், பெண்டிர், நீரிழிவுடையோர் ஆகியோரிடம் மூச்சிரைப்பும் வியர்வையும் சோர்வும் மட்டுமே தோன்றலாம். இந்நிலைக்கு வீட்டார் ‘வாயுப் பிடிப்பு’ என்று பெயர் சூட்டிவிட்டால் சுக்கும் ஓமமும் தேடுவதில் நேரம் கழிகிறது. அடைப்பு நீடிக்கும் ஒவ்வொரு மணித்துளியும் இதயத்தசையின் ஒரு பகுதி மடிகிறது. மாரடைப்பு என்னும் தமிழ்ச்சொல்லோ நோயின் இயக்கத்தையே பெயராகக் கொண்ட நற்சொல். அச்சொல் நினைவுக்கு வரவேண்டிய வேளையில் ‘வாயு’ முந்திக்கொள்வதே கேடு.

உணர்குறியும் காண்குறியும்

நோயாளி தம்முள் உணர்ந்து சொல்வது உணர்குறி. மருத்துவர் தம் புலன்களாலும் கருவிகளாலும் கண்டறிவது காண்குறி. தலைச்சுற்றல் உணர்குறி, கண்வெண்மை மஞ்சளாதல் காண்குறி. பல குறிகள் ஒருங்கே கூடிவரும் பாங்கு கூட்டறிகுறி. இவற்றுக்கு அடியில் உறுப்பிலோ உயிரணுவிலோ நிகழும் பிறழ்ச்சியே நோய். பொதுப்பேச்சில் இந்நான்கையும் ‘நோய்’ என்று சொல்லிவிடுகிறோம். காய்ச்சல் நோயன்று, நோயின் குறி. இருமல் நோயன்று, நோயின் குறி. குறியை அடக்குவதும் நோயைத் தீர்ப்பதும் இருவேறு செயல்கள் என்பது இப்பாகுபாட்டை அறிந்தவர்க்கே விளங்கும்.

சித்த மருத்துவம் நோயறியும் துறையைப் பிணியறி முறைமை என்று வழங்குகிறது. பொறியால் அறிதல், புலனால் அறிதல், வினாதல் என அது மூவகைப்படும். வினவிக் கேட்பதைத் தனியொரு முறையாகவே வகுத்து வைத்தமை கருதத்தக்கது. நாடி, தொடுவுணர்வு, நா, உடல்நிறம், குரல், கண், மலம், சிறுநீர் ஆகிய எட்டையும் ஆராய்வது எண்வகைத் தேர்வு. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை முதலியவற்றைப் பார்ப்பது நீர்க்குறி. அதன்மேல் ஒரு துளி எண்ணெய் விட்டு, அது பரவும் வடிவைப் பார்ப்பது நெய்க்குறி. இப்பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு செயலையும் அச்செயலின் எல்லையையும் திட்டமாகக் குறிப்பன.

ஐரோப்பிய மருத்துவத்திலும் காண்குறிகளின் எண்ணிக்கை படிப்படியாகவே பெருகிற்று. வியன்னா நகர மருத்துவர் அவென்புருகர் 1761-இல் மார்பை விரலால் தட்டி, எழும் ஒலியைக்கொண்டு நெஞ்சுக்குள் நீர் கோத்திருப்பதை அறியும் முறையை வெளியிட்டார். பாரிசு நகரில் லயனெக் 1816-இல் தாளைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார், ஸ்டெதஸ்கோப் பிறந்தது. 1895-இல் ரான்ட்கன் ஊடுகதிரைக் கண்டார். தட்டொலிக்கும் மூச்சொலிக்கும் படத்தில் தெரியும் நிழலுக்கும் தனித்தனிப் பெயர்களை மருத்துவர்கள் வகுத்தனர். பெயர் வகுத்த பின்னரே ஒருவர் கேட்ட ஒலியை மற்றொருவர் அதுவென்று அடையாளம் காண முடிந்தது.

பெயர் பிறக்கும் வழிகள்

ஒரே நோய்க்குப் பல பெயர்கள் வழங்குவதன் காரணம், ஒவ்வொரு பெயரும் அந்நோயின் வெவ்வேறு பக்கத்தைப் பார்த்து எழுந்தமையே. நீரிழிவை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி சிறுநீர் கழிகிறது. நோயாளி இதை உணர்கிறார். அதனால் நீரிழிவு என்பது உணர்குறியால் வந்த பெயர். சிறுநீர் இனிப்பாயிருக்கிறது, இதனைப் பிறர் ஆராய்ந்தே அறியமுடியும். அதனால் மதுமேகம் என்பது காண்குறியால் வந்த பெயர். இனிப்புக்குக் காரணமான பொருளைச் சுட்டுவது சர்க்கரை நோய். இங்கிலாந்தில் மேத்யூ டாப்சன் 1776-இல் சிறுநீரைக் காய்ச்சி வற்றச்செய்து, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டியதும், அச்சர்க்கரை குருதியிலும் உண்டு என்று கண்டதும் இம்மூன்றாம் படிநிலையே. கணையம் சுரக்கும் இன்சுலினை 1921-இல் டொராண்டோ நகரில் பாண்டிங்கும் பெஸ்டும் பிரித்தெடுத்த பின்னர் நோயின் வேர் தெரிந்தது. இன்று இன்சுலின் சுரப்பு அழிந்துபோன வகை, இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் செவிசாய்க்காத வகை என்று பிரித்தே பண்டுவம் செய்கிறோம். உணர்குறியிலிருந்து காண்குறிக்கும், காண்குறியிலிருந்து காரணத்துக்கும் அறிவு இறங்கிச் சென்ற வழியை இம்மூன்று பெயர்களிலுமே காணலாம்.

சில பெயர்கள் வழிகாட்டுவதற்கு மாறாக வழிதிருப்பி விடுகின்றன. இரத்தக் கொதிப்பு என்னும் வழக்கு அத்தகையது. கொதிப்பு என்றதும் உடல் சூடேறும், முகம் சிவக்கும், சினம் பொங்கும் என்று மக்கள் எண்ணுகின்றனர். இவை இல்லாதபொழுது ‘எனக்குக் கொதிப்பு இல்லை’ என்று மாத்திரையை நிறுத்துகின்றனர். உயர் குருதியழுத்தம் பெரும்பாலும் எந்த உணர்குறியையும் காட்டுவதில்லை. நாளங்களின் சுவரையும் சிறுநீரகத்தையும் மூளையையும் அது ஓசையின்றியே சிதைக்கிறது. இத்தாலியர் ரிவா ரோச்சி 1896-இல் கைப்பட்டையால் அழுத்தத்தை அளந்ததும், உருசியர் கொரோட்கோவ் 1905-இல் நாளத்தின் ஒலியைக் கேட்டு மேலளவையும் கீழளவையும் பிரித்துக் காட்டியதும், இந்நோயை உணர்ச்சியிலிருந்து அளவைக்குக் கொண்டுவந்தன. ஆகவே அழுத்தம் என்ற சொல்லே அறிவியலுக்கு உகந்தது. ‘அளந்தால்தான் தெரியும்’ என்னும் உண்மையை அச்சொல் தன்னுள் கொண்டிருக்கிறது.

காமாலை மற்றோர் எடுத்துக்காட்டு. பழைய சிவப்பணுக்கள் சிதையும்பொழுது உண்டாகும் பிலிரூபின் என்னும் மஞ்சள்நிறமியைக் கல்லீரல் பித்தநீரில் சேர்த்து வெளியேற்றுகிறது. சிவப்பணுக்கள் அளவுமீறிச் சிதைந்தாலும், கல்லீரல் அழற்சியுற்றாலும், பித்தநாளத்தைக் கல்லோ கட்டியோ அடைத்தாலும் கண்ணும் தோலும் மஞ்சளாகும். காமாலை இம்மூன்றுக்கும் பொதுவான காண்குறி. தூய்மையற்ற நீரால் பரவும் ‘ஏ’, ‘ஈ’ வகைக் கல்லீரல் அழற்சிகள் பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தாமே தணியும். அக்காலத்தில் உண்ட எந்த மருந்துக்கும் புகழ் சேரும். பித்தநாள அடைப்புக்கோ அந்த மருந்து உதவாது. காத்திருந்த நாள்களே கேடாய் முடியும். சென்னையில் எஸ்.பி. தியாகராசனும் குழுவினரும் கீழாநெல்லியை ஆராய்ந்து 1988-இல் லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டபொழுது, அவர்கள் ‘காமாலை’யை எடுத்துக்கொள்ளவில்லை, ‘பி’ வகைத் தீநுண்மியை நெடுநாள் உடலில் தாங்கியிருப்போரை எடுத்துக்கொண்டனர். பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகள் அதே பயனை ஒருபடித்தாகக் காணவில்லை. ஒரு மூலிகையின் பயனை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ வேண்டுமானால் நோயின் பெயர் முதலில் கூர்மைப்பட வேண்டும் என்பதற்கு இது சான்று.

ஒரு பெயர், பல நோய்

அம்மை என்ற ஒரே பெயரின்கீழ் நம் மக்கள் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை, புட்டாளம்மை எனப் பலவற்றை அடக்கினர். நால்வேறு தீநுண்மிகளால் வரும் நால்வேறு நோய்கள் இவை. பெரியம்மையின் கொடிய வகை தாக்கியவர்களுள் 10 பேரில் ஏறத்தாழ 3 பேர் மாண்டனர். சின்னம்மையிலோ குழந்தைகள் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வர். இரண்டையும் பிரித்தறிவது உயிர்ச்சிக்கலாக இருந்தது.

பெரியம்மையின் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் செறிந்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தோன்றும். ஓரிடத்தில் உள்ளவை யாவும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையின் கொப்புளங்கள் மார்பிலும் முதுகிலும் செறியும். சிவப்புத்தடிப்பும் நீர்க்கொப்புளமும் காய்ந்த பொருக்கும் ஒரே இடத்தில் கலந்து காணப்படும். இந்த வேறுபாட்டை ஊர்ப்பணியாளர் ஒவ்வொருவருக்கும் கற்பித்ததே பெரியம்மை ஒழிப்பின் அடித்தளம். பெரியம்மை கண்ட குழந்தையின் வண்ணப்படம் அச்சிட்ட அட்டைகளை ஏந்திப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று ‘இதுபோல் யாருக்கேனும் கண்டிருக்கிறதா’ என்று கேட்டனர். சொல் மயங்கிய இடத்தில் படம் தெளிவித்தது. இந்தியாவில் இந்நோய் கடைசியாகக் கண்டது 1975-இல். உலகம் பெரியம்மையிலிருந்து விடுபட்டது என்று 1980 மே மாதம் உலக நலவாழ்வு அமைப்பு அறிவித்தது.

மேலைநாடுகளும் இத்தகைய மயக்கத்துக்கு ஆளாயின. டைபசு, டைபாய்டு என்னும் இரண்டும் பெயரால் உடன்பிறப்புகள் போல் தோன்றும். பேனால் பரவுவது டைபசு. கழிவு கலந்த நீராலும் உணவாலும் பரவுவது டைபாய்டு. இரண்டையும் ஒன்றென எண்ணிய காலத்தில் தடுப்பு முறையும் குழம்பியே கிடந்தது. 1837-இல் பிலடெல்பியாவில் கெர்ஹார்டும், அடுத்த பத்தாண்டின் இறுதியில் இலண்டனில் வில்லியம் ஜென்னரும் உடற்கூறாய்வின் துணைகொண்டு இவற்றைப் பிரித்துக் காட்டினர். டைபாய்டால் இறந்தவரின் சிறுகுடலில் புண்கள் இருந்தன. டைபசால் இறந்தவரிடம் அவை இல்லை.

ஈழத் தமிழர் டைபாய்டை நெருப்புக் காய்ச்சல் என்பர். சின்னம்மை அங்கே கொப்புளிப்பான், தட்டம்மை சின்னமுத்து, புட்டாளம்மை கூகைக்கட்டு, தமிழகத்தின் கக்குவான் இருமல் அங்கே குக்கல், இரணசன்னி அங்கே ஏற்புவலி. செவிலியரைத் தாதி என்பர். அறுவையைச் சத்திரசிகிச்சை என்பர். இச்சொற்கள் யாவும் நம் செல்வமே, ஒன்றையும் இழக்கவேண்டியதில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துத் தாய் ஒருத்தி தன் குழந்தைக்குச் ‘சின்னமுத்து வந்து மாறியது’ என்று சொன்னால், சென்னை மருத்துவரோ டொராண்டோ நகர மொழிபெயர்ப்பாளரோ அதைச் சின்னம்மை என்று பதிந்துவிடக்கூடாது. இருகரைச் சொற்களையும் இணைநிறுத்தும் கையேடு ஒவ்வொரு தடுப்பூசி நிலையத்திலும் இருத்தல் வேண்டும்.

எண்ணுவதற்கு ஒரு பெயர்

இங்கிலாந்தின் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்த வில்லியம் பார் 1839-இல் வெளிவந்த அறிக்கையில் ஒரு குறையை முன்வைத்தார். ஒரு நோய்க்கு மூன்று நான்கு பெயர்கள் வழங்குகின்றன. ஒரு பெயரே பல நோய்களையும் குறிக்கிறது. இயற்பியலுக்கு எடையும் அளவையும் எத்துணை இன்றியமையாதனவோ, இறப்பின் காரணத்தை ஆராய்வதற்கு ஒருமித்த நோய்ப்பெயர்களும் அத்துணை இன்றியமையாதன என்றார். ஓர் ஊரில் எந்நோயால் எத்தனை பேர் இறந்தனர் என்று தெரியாமல் குடிநீருக்குப் பணம் ஒதுக்குவதா, கொசு ஒழிப்புக்கு ஒதுக்குவதா என்று எந்த அரசாலும் முடிவு செய்ய இயலாது.

1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலறிஞர் ழாக் பெர்த்தியோன் முன்வைத்த இறப்புக் காரணப் பட்டியலே இன்றைய பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் முன்னோடி. 1948-இல் உலக நலவாழ்வு அமைப்பு அப்பொறுப்பை ஏற்றது. இப்பொழுது நடைமுறையிலுள்ள 11-ஆம் பதிப்பு 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியெண் தரப்பட்டிருப்பதால், அப்பெயரை எந்த மொழியில் எழுதினாலும் பொருள் மயங்காது. 2024 சனவரியில் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகிய மருத்துவங்களின் நோய்ப்பெயர்களும் அவ்வகைப்பாட்டில் தனிப்பகுதியாகச் சேர்க்கப்பட்டன. ஓலைச்சுவடியில் இருந்த பிணிப்பெயர்கள் பன்னாட்டுக் குறியெண்ணோடு நிற்கும் நிலை சித்த மருத்துவத்துக்குப் பெருமை தருவது; சொல்லையும் பொருளையும் வரையறுக்கும் பொறுப்பையும் சேர்த்தே தருவது.

மானிப்பாய் காட்டிய வழி

மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்ற வினாவுக்கு யாழ்ப்பாணத்து மானிப்பாய் 19-ஆம் நூற்றாண்டிலேயே விடை தந்துவிட்டது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார். முதலில் ஆங்கிலத்தில் மாணவர்க்குக் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். தமிழில் கற்றவர் தம் ஊர்களிலேயே தங்கித் தம் மக்களுக்கு மருத்துவம் செய்வர் என்பது அவர் எண்ணம். பாடநூல்கள் இல்லாமையால் அவற்றைத் தம் மாணவருடன் சேர்ந்து ஆக்கினார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவ்வாறு எழுந்தவை. கலைச்சொல் தொகுதிகளையும் உருவாக்கினார். 1873-இல் அவர் தாயகம் திரும்பினார்; 1884-இல் மறைந்தார்.

அவர் நூற்பெயர்களில் வடசொல் மிகுதி. அக்காலக் கற்றோர் வழக்கு அது. பின்வந்தோர் அங்காதிபாதத்தை உடற்கூற்றியல் என்றும், இரணவைத்தியத்தை அறுவை மருத்துவம் என்றும், கெமிஸ்தத்தை வேதியியல் என்றும் ஆக்கினர். பெயர்கள் மாறினும் அவர் நிறுவிய உண்மை மாறவில்லை: பாடமும் பயிற்சியும் நோயாளியின் மொழியும் ஒன்றாயிருந்தால் நோயறிவு கூர்மையடையும். இன்றைய மருத்துவ மாணவர் ‘நியூரோபதி’ என்று படிக்கிறார். நோயாளி ‘காந்துது, மதமதன்னு இருக்கு’ என்கிறார். இவ்விரண்டும் ஒன்றே என்று அறிவதற்கு அவருக்கு யாரும் கற்பிப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பும் கல்வி மருத்துவக் கல்லூரிகளில் முறையாக இடம்பெறவேண்டும்.

பெயரும் மாண்பும்

நோய்ப்பெயர் நோயைச் சுட்டுவதோடு நில்லாமல் நோயாளி மீது பழியையும் ஏற்றிவிடுவதுண்டு. தொழுநோய் அத்தகைய பழியை நெடுங்காலம் சுமந்தது. நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-இல் அந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டார். அது பழிவினையின் பயன் என்னும் எண்ணத்துக்கு அறிவியல் முடிவு கட்டியது. கூட்டு மருந்துகளால் முழுமையாகத் தீரக்கூடிய நோய் இது. அப்படியிருந்தும் நோயாளியை நோயின் பெயராலேயே விளிக்கும் வழக்கம் மக்களை மருத்துவமனைக்கு வரவிடாமல் தடுக்கிறது. காலந்தாழ்ந்து வருவோர்க்கு விரல்களும் கண்ணும் பழுதாகின்றன.

புதிய நோய்களுக்கு ஊர், நாடு, மக்களினம், தனியாள், விலங்கு ஆகியவற்றின் பெயரை இடலாகாது என்று உலக நலவாழ்வு அமைப்பு 2015-இல் நெறி வகுத்தது. 2020 பிப்ரவரியில் கோவிட்-19 என்று பெயரிட்டபொழுது அந்நெறியே பின்பற்றப்பட்டது. தமிழில் எழுதுவோர்க்கும் இது பொருந்தும். ‘நீரிழிவுடையவர்’, ‘வலிப்புநோய் உள்ளவர்’ என்று எழுதுக. நோயையே அவருக்கு அடைமொழியாக்கிவிடற்க.

தணிதலும் தீர்தலும்

நோயறிந்த பின் நிகழ்வனவற்றுக்கும் தமிழில் சொற்கள் நிறைந்துள்ளன. மருத்துவம் என்பது துறை. பண்டுவம் என்பது நோயாளிக்குச் செய்யும் செயல். பேணுகை என்பது உணவும் தூய்மையும் ஓய்வும் ஆறுதலும் அளித்துக் காத்தல். தடுப்பு என்பது நோய் அணுகாமற் காத்தல். திருக்குறளின் மருந்து அதிகாரம், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் உறுப்பாகவே எண்ணுகிறது. செவிலியரையும் வீட்டாரையும் மருத்துவத்துக்குப் புறம்பாக நிறுத்தாத பார்வை அது.

நோய் விலகும் முறைகளைக் குறிக்கும் சொற்களில்தான் மிகுந்த விழிப்பு தேவை. தணிதல் என்பது குறி குறைதல். கட்டுப்படுதல் என்பது மருந்தும் ஒழுக்கமும் தொடரும்வரை நோய் அடங்கியிருத்தல். தீர்தல் என்பது நோயின் காரணமே அகலுதல். தேறுதல் என்பது இழந்த வலிமை மீளுதல். இந்நான்கையும் ‘சரியாப்போச்சு’ என்ற ஒரே தொடரில் அடக்கிவிடுவதால் எத்தனையோ பேர் மருந்தை இடையில் நிறுத்துகின்றனர்.

காசநோயில் இதன் விளைவு கொடியது. எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் வழங்கிய இந்நோயின் நுண்ணுயிரை இராபர்ட் காக் 1882-இல் கண்டார். 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துப் பண்டுவ ஆய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்டவரும் தனிமருத்துவமனையில் தங்கியவரும் ஏறத்தாழ ஒத்த பயனே பெற்றனர் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. பல நாடுகளில் காசநோய்ப் பண்டுவம் வீட்டுக்கு மாறியதற்கு அவ்வாய்வு வழிகோலியது. வீட்டுப் பண்டுவத்தின் உயிர்நாடியோ ஒன்றே: குறி தணிந்த பின்னும் மருந்தைத் தொடர்தல். இன்றைய ஆறுமாத முறையில், மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் தணிந்துவிடும். நோய் தணிந்திருக்கிறது, தீரவில்லை. அப்பொழுது நிறுத்தினால் எஞ்சிய நுண்ணுயிர்கள் மருந்துக்கு அடங்காதனவாய் மீண்டெழும். ‘தணிந்துவிட்டது, இன்னும் தீரவில்லை’ என்ற ஒரு தொடரை நோயாளி தெளிவாக விளங்கிக்கொண்டால் ஓர் உயிரும், அவரைச் சூழ்ந்தோர் பலரின் உயிரும் காக்கப்படும். நீரிழிவுக்கும் உயர் குருதியழுத்தத்துக்கும் உரிய சொல் ‘கட்டுப்படுதல்’ என்பதையும் மருத்துவர் முதல்நாளே விளக்கவேண்டும்.

தீராத நோயுடையவர்க்கும் மருத்துவம் உண்டு. இலண்டனில் சிசிலி சாண்டர்சு 1967-இல் நிறுவிய இல்லம், இறுதிநாள்களின் வலியை உடல்வலியாக மட்டும் காணாமல், உளத்துயரும் உறவுத்துயரும் பொருட்கவலையும் கூடியதாகக் கண்டு தணித்தது. அதனைத் தணிப்பு மருத்துவம் என்கிறோம். ‘இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை’ என்னும் தொடரை மருத்துவமனைகளிலிருந்து நீக்க இச்சொல் ஒன்றே போதும்.

செய்யவேண்டியவை

மருத்துவப் பதிவேட்டில் ஒரு நோய்க்கு ஒரு பெயர் நிலைபெறல் வேண்டும். மக்கள் நாவில் வழங்கும் பல பெயர்களும் அப்பெயரோடு இணைத்துத் தொகுக்கப்படல் வேண்டும். வலியையும் நோவையும் குறிக்கும் வட்டாரச் சொற்கள் முதியோர் நினைவிலிருந்து மறைவதற்கு முன்னர் எழுத்தில் ஏறவேண்டும். தமிழ்ப் பல்கலைக்கழகமும் மருத்துவக் கல்லூரிகளும் ஈழத்து அறிஞரும் கைகோத்துச் செய்யத்தக்க பணி இது.

இதைப் படிப்பவர்க்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவரிடம் செல்லும்பொழுது ‘உடம்பு சரியில்லை’ என்று நிறுத்தாதீர்கள். எங்கே நோகிறது, எப்பொழுது தொடங்கிற்று, குத்தலா எரிச்சலா பாரமா, எங்கே பரவுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் தணிகிறது என்று நும் வீட்டுத் தமிழிலேயே சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்களே முடிவுசெய்து கூறவேண்டா. உணர்ந்ததை உணர்ந்தவாறு கூறுங்கள். மருத்துவர் எழுதும் பெயரின் பொருளையும், அந்நோய் தீர்வதா கட்டுப்படுவதா என்பதையும் தயங்காமல் கேட்டறியுங்கள். அவ்வாறு கேட்பது நோயாளியின் உரிமை. விளங்குமாறு விடைசொல்வது மருத்துவரின் கடமை.